ஒண்ணாப்புக்கு யார் டீச்சர்?

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்து இரண்டாவது வாரம். தென்காசி மாவட்டம் ராயகிரிக்குப் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளிக்குப் போயிருந்தேன். மேற்கே மலையில் சாரல் கட்டியிருந்தது. காற்று ஜன்னல் கதவுகளைச் சும்மா இருக்க விடவில்லை. ஐந்து வகுப்புகளுக்கு இரண்டு டீச்சர்கள். அவர்களில் ஒருவர் வாக்காளர் பட்டியல் வேலையாகத் தாலுகா ஆபீஸுக்குப் போயிருந்தார். இருந்த ஒருவர் நாலாப்புக்கும் அஞ்சாப்புக்கும் கரும்பலகையில் கணக்கு எழுதிப்போட்டு, மூணாப்பையும் ரெண்டாப்பையும் வாசிக்கச் சொல்லிவிட்டு, கடைசியாக ஒண்ணாப்புப் பிள்ளைகளிடம் வந்து தரையில் உட்கார்ந்தார்.

ஒரு சிறுமி சிலேட்டில் ‘அ’ எழுதிக்கொண்டிருந்தாள். முதலில் நெடுக்கே ஒரு கோடு. பிறகு குறுக்கே ஒன்று. பிறகு வளைவு. கடைசியில் சுழி. முடித்ததும் பார்த்தால் அசல் ‘அ’தான். ஆனால் அவள் அதை எழுதவில்லை, வரைந்திருந்தாள். டீச்சர் அவள் கையைப் பிடித்து, சுழியிலிருந்து தொடங்கி இரண்டு முறை எழுத வைத்தார். மூன்றாவது முறைக்குள் போன் அடித்தது. எமிஸ் என்ற பள்ளி இணையதளத்தில் வருகைப் பதிவு இன்னும் ஏறவில்லையாம். டீச்சர் எழுந்து போனார். சிறுமி பழையபடி நெடுக்குக் கோட்டிலிருந்து தொடங்கினாள்.

அந்த டீச்சரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஐந்து வகுப்பையும் ஒற்றை ஆளாகக் கட்டி மேய்த்துக்கொண்டிருந்தார். என்னை உறுத்தியது, அவர் கடைசியாக வந்துசேர்ந்த இடம் ஒண்ணாப்பு என்பதுதான். நம்முடைய கல்வி அமைப்பே அப்படித்தான் நடக்கிறது. பணமும் கவனமும் நல்ல ஆட்களும் மேலிருந்து பங்கிடப்பட்டு, மிச்சம் மீதி ஒண்ணாப்புக்கு வருகிறது. இந்த முறையின் விளைவு முற்றிப்போனால் எப்படியிருக்கும் என்று பார்க்க விரும்புகிறவர்கள் மலாவியைப் பார்க்க வேண்டும்.

தென்கிழக்கு ஆப்பிரிக்காவில், நீளமான ஓர் ஏரியை ஒட்டிக் கிடக்கிற நாடு அது. பரப்பில் தமிழ்நாட்டைவிடச் சற்றுச் சிறியது. உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்று. மக்காச்சோளம் தின்று, புகையிலை விற்றுப் பிழைக்கிற ஊர்கள். மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றிப் பிள்ளைகளைப் படிக்க வைக்கிற தாய்மார்கள் நிறைந்த தென்காசிச் சீமைக்காரர்களுக்கு, புகையிலையை நம்பி வாழ்கிற குடும்பம் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

1964இல் பிரிட்டிஷாரிடமிருந்து விடுதலை பெற்ற அந்த நாட்டை முப்பது ஆண்டுகள் ஆண்டவர் ஹேஸ்டிங்ஸ் கமூசு பண்டா. 1994 மே மாதம் நடந்த பல கட்சித் தேர்தலில் அவரைத் தோற்கடித்த பாகிலி முலுஸி, தொடக்கக் கல்விக்குக் கட்டணமே கிடையாது என்று அந்த ஆண்டிலேயே அறிவித்தார். ஏறத்தாழ 19 லட்சமாக இருந்த மாணவர் எண்ணிக்கை ஒரே தாவலில் 30 லட்சத்தை ஒட்டிப் போய்விட்டது. ஏழைத் தாய் தகப்பன்மாருக்குப் பிள்ளைகளைப் படிக்க வைக்க ஆசையில்லை என்று யாராவது சொன்னால், இந்த ஓர் எண்ணைச் சொல்லி வாயை அடைத்துவிடலாம். கதவு திறந்ததும் ஊர் ஊராகப் பிள்ளைகள் ஓடிவந்தார்கள்.

வந்த பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. சுமார் 20,000 பேரை அவசர அவசரமாக ஆசிரியர்களாக எடுத்தார்கள். அவர்களுக்குக் கிடைத்தது சில வாரப் பயிற்சி. கட்டடம் போதாமல் மரத்தடிகள் வகுப்பறைகள் ஆயின. அங்கே எட்டாம் வகுப்பு முடிவில் பொதுத்தேர்வு. அதனால் கைதேர்ந்த ஆசிரியர்கள் மேல் வகுப்புகளுக்குப் போனார்கள். ஒன்றாம் வகுப்பில் 100 பிள்ளைகளுக்கு மேல் ஒரே ஆசிரியர் முன்னால் உட்கார்ந்திருப்பது இன்றும் அங்கே சாதாரணக் காட்சி. எழுத்துப் பிடிபடாத பிள்ளை அதே வகுப்பில் இரண்டாம் ஆண்டும் உட்காரும். சில பிள்ளைகள் மூன்றாம் ஆண்டும். பிறகு ஒருநாள் ஆடு மேய்க்கப் போய்விடும். சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்காவில் பத்து வயதுப் பிள்ளைகளில் பத்துக்கு ஒன்பது பேரால் ஓர் எளிய கதையை வாசித்துப் புரிந்துகொள்ள முடியவில்லை என்று 2022இல் உலக வங்கி கணக்குச் சொன்னது. பள்ளிக்கூடத்துக்கே போகாதவர்கள் அதில் ஒரு பகுதிதான். மற்றவர்கள் பள்ளியில் உட்கார்ந்திருந்தும் வாசிக்கத் தெரியாதவர்கள்.

இதற்கு முலுஸியின் அவசரத்தை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது. நோய் அதற்கும் பழையது. பண்டா சிறுவயதில் முதன்முதலாகப் பாடம் கேட்டது கசுங்குப் பகுதியில் ஒரு கச்சேரே மரத்தடியில். நம் ஆலமரத்துக்கும் அரச மரத்துக்கும் உறவுக்கார மரம் அது. ஜனாதிபதியான பிறகு, அந்த மரம் நின்ற இடத்துக்கருகில் 1981இல் ஒரு பள்ளி கட்டினார். கமூசு அகாடமி என்று பெயர். பிரிட்டனிலிருந்து ஆசிரியர்களை வரவழைத்து லத்தீனும் கிரேக்கமும் கற்பித்த பள்ளி. நாடெங்கும் பிள்ளைகள் வெறும் மண்தரையில் உட்கார்ந்திருந்தபோது, தேர்ந்தெடுத்த சில நூறு பேருக்கு அரசாங்கப் பணம் அங்கே கொட்டப்பட்டது. மரத்தடியில் எழுத்தறிந்த ஒருவர், மரத்தடிப் பிள்ளைகளை அங்கேயே விட்டுவிட்டு உச்சியில் கோபுரம் கட்டினார். அவர் வந்த வழியை நினைக்கும்போது இது எனக்கு ஆறவே ஆறாத வருத்தம்.

ஏழை நாடு வேறென்ன செய்திருக்க முடியும் என்று கேட்பவர்களுக்கு நம் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. 1951 கணக்கெடுப்பின்போது சென்னை மாகாணத்தில் ஐந்தில் ஒருவருக்குத்தான் எழுத்துத் தெரியும். 1954இல் முதலமைச்சரான காமராஜரின் கையிலும் காசு இல்லை. பள்ளி இல்லாத ஊர்களுக்கு ஓராசிரியர் பள்ளிகளைக் கொண்டுபோனார். படித்துவிட்டு வேலையில்லாமல் திரிந்த இளைஞர்களை ஆசிரியர்களாக்கும் மத்திய அரசுத் திட்டத்தை அதற்குப் பிடித்துக்கொண்டார். 1956இல் எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கிவைத்தார். தொடக்க காலத்தில் ஊர்க்காரர்கள் கொடுத்த அரிசியில்தான் பானை கொதித்தது. கல்வித் துறையின் இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு, 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை ஊர் ஊராக நடத்தினார். பெஞ்சு, கரும்பலகை, கடிகாரம், கட்டடம் என்று ஊரார் அள்ளிக் கொடுத்தார்கள். ஒரே நாளில் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளவில்லை. ஏறத்தாழப் பத்து ஆண்டு, ஊர் ஊராக, ஆசிரியரும் சோறும் கூடவே போனார்கள். மலாவியில் 2002 முதல் மேரீஸ் மீல்ஸ் என்ற தொண்டு நிறுவனம் லிக்குனி பாலா என்கிற மக்காச்சோளக் கஞ்சியைப் பள்ளிகளில் ஊற்றுகிறது. அந்தக் கஞ்சியும் பிள்ளைகளைப் பள்ளிக்கு இழுக்கிறது. ஆனால் அதற்கான காசு வெளிநாட்டு நன்கொடையிலிருந்து வருகிறது. எட்டயபுரத்துப் பானை நம்முடையதாக இருந்ததால்தான் 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவாகவும், 2022இல் காலை உணவாகவும் வளர முடிந்தது.

இவ்வளவு பெருமையும் நமக்கு உண்டு. அதனால்தான் அடுத்த செய்தி எனக்கு வலிக்கிறது. 2022ஆம் ஆண்டின் ஏசர் என்ற கல்வி ஆய்வு தமிழ்நாட்டுக் கிராமங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கச் சொன்னது. நூற்றுக்கு ஐந்து பேர்கூட வாசிக்கவில்லை. கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்தது ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முன்பு, 2018லும் பத்துக்கு ஒருவர்தான். 2024 ஆய்வில் 2022ஐவிட முன்னேற்றம் தெரிகிறது. ஆனாலும் பத்துக்கு இருவரை எட்டவில்லை. அந்த ஆய்வு முறை சரியா தவறா என்று சென்னையில் வாதாடுகிறார்கள். வாதாடட்டும். எங்கள் பக்கத்து மூணாப்பில் போய்ப் புத்தகத்தை நீட்டிப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் விடை தெரிந்துவிடும்.

மலாவியில் நூறு பிள்ளைக்கு ஓர் ஆசிரியர், இங்கே நாற்பது பிள்ளைக்கு இருவர், இரண்டையும் எப்படி ஒப்பிடலாம் என்று கேட்கலாம். ஒண்ணாப்புப் பிள்ளையின் இடத்தில் உட்கார்ந்து பார்த்தால் ஒப்பிடலாம். அங்கே கூட்டத்தில் டீச்சர் கைக்கு எட்டுவதில்லை. இங்கே கல்வி உரிமைச் சட்டம் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் என்கிறது. ஐந்து வகுப்புக்கு இருவர் என்றால், ஒருவர் வெளியே போன நாளில் ஒண்ணாப்புக்கு ஆளே இல்லை. கொஞ்சம் வசதி வந்த வீட்டுப் பிள்ளைகளைக் காலையிலேயே நர்சரிப் பள்ளி வேன் ஏற்றிக்கொண்டு போய்விடுகிறது. சேர்க்கை குறைகிறது, ஆசிரியர் பணியிடமும் குறைகிறது. எஞ்சுகிறவர்கள் பீடி சுற்றுகிறவர், தோப்பு வேலைக்குப் போகிறவர், கரும்பு வெட்டப் போகிறவர் வீட்டுப் பிள்ளைகள். வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத அவர்களுக்குத்தான் டீச்சரின் கை முழுநாளும் தேவை.

நல்ல முயற்சியே இல்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். 2022 ஜூனில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்கேற்பப் பிரித்துக் கற்பிக்கச் சொல்கிறது. சரியான யோசனை. மூன்று நிலைக்கும் தனித்தனியாக உட்கார ஆள் வேண்டுமே! கையேடு வந்தது, அட்டைகள் வந்தன, இணையத் தேர்வு வந்தது. ஆள் வரவில்லை. 2007இல் உச்ச நீதிமன்றம், தேர்தல் வேலையை ஆசிரியர்களுக்குக் கொடுப்பதானால் விடுமுறை நாட்களிலும் பாடமில்லாத நேரத்திலும் கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறது. சொல்லி எத்தனை ஆண்டு ஆயிற்று?

பணமும் இன்னொருவர் கையெழுத்தில் தொங்குகிறது. மலாவியின் தொடக்க வகுப்பு வாசிப்புத் திட்டம் அமெரிக்க உதவியில் நடந்தது. 2025இல் அமெரிக்கா தன் உதவி நிறுவனத்தையே மூடிவிட்டது. மத்திய அரசின் பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்று 2024-25இல் நம்முடைய 2,152 கோடி ரூபாய் சமக்ர சிக்ஷா நிதியை டெல்லி நிறுத்திவைத்தது. யார் பக்கம் நியாயம் என்பதில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு: குழந்தைகளின் காசைப் பிடித்துவைத்து எந்த அரசியலும் நடத்தக் கூடாது.

ஆனால் டெல்லியைக் கேட்காமலே சென்னை செய்யக்கூடியவையும் இருக்கின்றன. ஒன்று முதல் ஐந்து வரை கற்பிக்கிற இடைநிலை ஆசிரியர்களில், 2009 ஜூன் 1க்கு முன் சேர்ந்தவருக்கு ஓர் அடிப்படைச் சம்பளம், பின் சேர்ந்தவருக்கு அதைவிடக் குறைந்த சம்பளம். ஒரே வேலை, ஒரே பள்ளி. சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டு அவர்கள் பல முறை தெருவில் உட்கார்ந்துவிட்டார்கள். பதவி உயர்வு என்றாலே தொடக்க வகுப்பை விட்டு மேலே போவது என்றாகிவிட்டது. மே மாதம் வந்தால் பத்தாம் வகுப்பில் நூறு விழுக்காடு தேர்ச்சி என்று ஊரெங்கும் பிளெக்ஸ் பேனர். எந்தப் பேனரிலும் ஒண்ணாப்பு டீச்சர் படத்தை நான் பார்த்ததில்லை.

என் கோரிக்கை ஒன்றுதான். சேர்க்கை ஐந்தோ ஐம்பதோ, ஒவ்வொரு தொடக்கப் பள்ளியிலும் ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கென்றே ஓர் ஆசிரியர் வேண்டும். பள்ளியிலேயே அனுபவம் மிக்கவர் அந்த இடத்தில் உட்கார வேண்டும். அதற்குத் தனிப்படி கொடுக்க வேண்டும். பள்ளி நேரத்தில் அவரைப் பட்டியல் வேலைக்கோ பதிவேற்ற வேலைக்கோ யாரும் தொடக் கூடாது. தென்காசி மாவட்டத்தில் தொடங்கிப் பார்க்கலாம். 2019இல் பிறந்த மாவட்டம். அதுவும் ஒண்ணாப்பு வயதைச் சமீபத்தில்தான் கடந்திருக்கிறது.

அன்று மதியம் நான் கிளம்பும்போது தாலுகா ஆபீஸுக்குப் போன டீச்சர் பஸ்ஸை விட்டு இறங்கி வேகமாக வந்துகொண்டிருந்தார். கைப்பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. சத்துணவுத் தட்டைக் கழுவிவிட்டு வந்த அந்தச் சிறுமியைப் பார்த்ததும் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“ஏ பிள்ள, சிலேட்ட எடுத்துட்டு வா. எங்க, சுழியில இருந்து எழுது, பாப்போம்.”