லேபிளை மூடினால் யாருக்கு நஷ்டம்?

லேபிளை மறைத்து ஸ்பானிய வைன்களை ருசித்து மதிப்பெண் போடுவது பம்மாத்து என்பவர்கள், பிரான்ஸின் போர்தோவில் நடந்து 2001-ல் வெளியான ஆய்வைக் காட்டுகிறார்கள். சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை வைனை 54 பேர் சிவப்பு வைனுக்குரிய சொற்களால் வர்ணித்தார்களாம். உண்மைதான். ஆனால் அங்கே அவர்களை ஏமாற்றியது கண். நிறமே இப்படிக் கவிழ்க்கும் என்றால் பெயரும் விலையும் என்ன பாடுபடுத்தும்? இந்தச் சான்று, இன்னும் கூடுதலாக மறைக்கத்தான் சொல்கிறது.

ஒரே வைனுக்கு ஒரே நடுவர் வெவ்வேறு மதிப்பெண் போடுகிறாரே என்பது அடுத்த கேள்வி. ராபர்ட் ஹாட்ஜ்சன் கலிபோர்னிய வைன் போட்டி நடுவர்களிடம் நடத்திய ஆய்வில் பத்தில் ஒருவர்தான் ஏறக்குறைய நிலையாக நின்றார். தனியொருவர் தீர்ப்பை நம்பாதீர்கள், பலரைக் கூட்டுங்கள் என்பதே அதன் பாடம். அப்படிப் பலர் கூடி, 1979-ல் பாரிஸில் பிரெஞ்சு உணவு வழிகாட்டியான கோ-மியோ லேபிளை மறைத்து நடத்திய போட்டியில் ஸ்பெயினின் கத்தலோனியாவைச் சேர்ந்த தோரஸ் நிறுவனத்தின் 1970 வைன், புகழ்பெற்ற பிரெஞ்சு வைனான ஷாத்தோ லாத்தூரை முந்தியது. லேபிள் தெரிந்திருந்தால் அந்தப் புட்டியை யார் சீண்டியிருப்பார்கள்? இங்கே சென்னைப் பாலவாக்கத்துக்காரர் ஒருவர் டாஸ்மாக் எலைட் கடையில் வாங்கும்போது பார்ப்பது விலையையும் லேபிளையும்தான். ஸ்பெயினின் ரியோஹா சிவப்பு வைன் புட்டியில் ‘கிரான் ரிசர்வா’ என்றிருந்தால் குறைந்தது ஐந்தாண்டு முதிர்ந்தது என்று பொருள். ருசிக்கு அது உத்தரவாதமல்ல. அதைச் சொல்ல நாக்குதான் வேண்டும், லேபிளை மூடிவிட்டு.