மைக் இல்லாத குரல்

கோவை பீளமேட்டுக் கல்லூரி விழாக்களில் பாட்டு தொடங்கும் முன்பே ஸ்பீக்கர் நெஞ்சில் அறைகிறது. அடுத்த வாரம் அந்தப் பாட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் நாடகப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா மறைந்து தொண்ணூறு ஆண்டுகள் தாண்டியும் அவர் பேச்சு ஓயவில்லை. 'அந்தக் காலத்து ஜனங்களுக்கு வேறு பொழுதுபோக்கு ஏது?' என்று இதற்கு ஒரு விளக்கம் சொல்வார்கள். அது போதாது.

செங்கோட்டையில் 1906-ல் பிறந்த கிட்டப்பா ஐந்து கட்டைச் சுருதியில் பாடியவர் என்பார்கள். இன்றைய ஆண் வித்வான்கள் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரைக் கட்டையோடு நிற்பவர்கள். ஐந்து என்பது பெண்களின் சுருதி. அந்தச் சுருதியில் ஓர் ஆண் மேல் ஸ்தாயி மத்தியமத்தைத் தொட்டால், ஆபரா மேடையின் டெனர் பாடகர்கள் நடுக்கத்தோடு ஏறும் 'ஹை சி' அதுதான். நொடிக்குச் சுமார் 523 அதிர்வு. 1972-ல் நியூயார்க்கில் டெனர் பாடகர் பாவரொட்டி ஒரே பாட்டில் அதை ஒன்பது முறை தொட்டுத்தான் உலகப் புகழ் பெற்றார்.

இவ்வளவு உயரம் எதற்கு? நம் காதுக்கு எல்லா ஒலியும் ஒன்றல்ல. இரண்டாயிரம் முதல் நாலாயிரம் அதிர்வு வரை உள்ள ஒலிகளை அது சட்டென்று பிடித்துக்கொள்ளும். தேர்ந்த டெனர் தன் குரலில் சேர்ந்து ஒலிக்கும் மேல் அதிர்வுகளின் பலத்தை மூவாயிரத்தை ஒட்டிக் குவிக்கிறார். வாத்தியக் கூட்டத்தின் பலம் அங்கே குறைவு. அதனால் அத்தனை வாத்தியங்களையும் மீறிக் கடைசி வரிசைக்குக் கேட்கிறது. மைக் வராத காலத்து நாடகக்காரர்களுக்குச் சுருதியை ஏற்றுவதே வழி. கத்தினால் தொண்டைதான் போகும்.

ஆனால் காதில் விழுவது வேறு, மனதில் தங்குவது வேறு. உச்சத்துக்குப் போகும் குரல் எந்த நொடியும் உடையலாம். அது கேட்பவருக்கும் தெரியும். பாடகரோடு சேர்ந்து அவரும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார். உடையாமல் இறங்கியதும் கொட்டகையே 'ஒன்ஸ் மோர்' கேட்கிறது. இசைத்தட்டில் இந்தப் பயம் கிடையாது. மூன்று சொச்சம் நிமிடத்துக்குள் அடக்கிய, ஏற்கெனவே தப்பிப் பிழைத்த பாட்டு அது.

மனதில் தங்கும் குரலுக்கு நம் கொங்குச் சாட்சி கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள். ரயிலில் பாடிக் காசு கேட்ட சிறுமி என்பது அவரைப் பற்றி எல்லாரும் சொல்லும் கதை. 1926-ல் இலங்கையில் கிட்டப்பாவோடு மேடையேறினார், மறு ஆண்டு மணந்தார். ஆணும் பெண்ணும் ஒரே சுருதியில் எதிரெதிர் நின்று பாடிய ஜோடி அது. கூட்டம் பைத்தியமானதில் வியப்பில்லை. இல்லறத்தில் பிணக்கு வந்தது, பிரிந்தும் வாழ்ந்தார்கள். 1933 டிசம்பரில் 27 வயதில் கிட்டப்பா போனார். 25 வயது சுந்தராம்பாள் வெள்ளைச் சேலைக்கு மாறினார். ஆண் நடிகருக்கு ஜோடியாக அதற்குப் பின் நடிக்கவில்லை. 1935-ல் 'நந்தனார்' படத்தில் ஆண் வேடமே போட்டார், சம்பளம் ஒரு லட்சம் என்று ஊரே வியந்தது. 1953-ல் 'ஔவையார்' வந்தபோது, கிழவியின் வாயிலிருந்து வந்த அந்தக் கணீர்க் குரலில் பழைய நாடக ரசிகர்கள் இரண்டு பேரைக் கேட்டிருப்பார்கள்.

பீளமேட்டுக் கல்லூரிகளுக்கு ஒரு யோசனை. ஆண்டு விழாவில் ஒரே ஒரு பாட்டுக்கு மைக்கை அணைத்துவிட்டு, நன்றாகப் பாடும் மாணவர் ஒருவரை அவருக்கு எட்டும் சுருதியில் பாடவிடுங்கள். மின்விசிறியையும் நிறுத்த வேண்டியிருக்கும். முணுமுணுப்பார்கள், ஐந்து நிமிடந்தானே!