பாலம் வந்தது, 23 பேர் போன பிறகு

2017 செப்டம்பர் 29. மும்பையில் காலை மழை. எல்ஃபின்ஸ்டன் ரோடு ரயில் நிலையத்தின் குறுகிய நடைமேம்பாலத்தில், மழை விடட்டும் என்று ஒரு கூட்டம் ஒதுங்கி நின்றது. அடுத்தடுத்து வந்த ரயில்கள் மேலும் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கின. படிக்கட்டில் தள்ளுமுள்ளு. சில நிமிடங்களில் மூச்சுத் திணறியும் மிதிபட்டும் 23 பேர் செத்துப்போனார்கள்.

அதைவிடக் கசப்பான செய்தி பிறகு வந்தது. அகலமான புதிய பாலம் வேண்டும் என்று அந்தத் தொகுதி எம்.பி.க்கள் முன்பே கேட்டிருந்தார்கள். 2016-லேயே ரயில்வே அமைச்சகம் ஒப்புதலும் அளித்திருந்தது. ஏறத்தாழ 12 கோடி ரூபாய் வேலை. அது கோப்பைத் தாண்டி வெளியே வரவில்லை. சாவுகளுக்குப் பின் ராணுவத்தை அழைத்தார்கள். 2018 பிப்ரவரியில் அங்கே ஒரு புதுப் பாலம் திறக்கப்பட்டது. முடியாத காரியம் அல்ல, யாருக்கும் அவசரம் இல்லாத காரியம்.

இந்தக் கூட்டம் ஒரே நாளில் முளைத்ததல்ல. பரேல் வட்டாரம் பஞ்சாலைகளின் பூமி. ஆலைத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் அருகிலிருந்த ‘சால்’ குடியிருப்புகளிலிருந்து நடந்தே வேலைக்கு வந்தார்கள். 1982-ல் தொடங்கிய வேலைநிறுத்தத்துக்குப் பின் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. அந்த நிலங்களில் அலுவலகக் கோபுரங்களும் மால்களும் எழுந்தன. அங்கு வேலை பார்ப்பவர்கள் விராரிலிருந்தும் கல்யாணிலிருந்தும் ரயிலில் வருகிறார்கள். நிலத்தின் மதிப்பு எகிறியது. நிலையத்தின் படிக்கட்டு அப்படியே இருந்தது.

நெரிசல் நேரப் பெட்டியில் ஒரு சதுர மீட்டருக்கு 14 முதல் 16 பேர் நிற்கிறார்கள். ரயில்வே இதைக் குறைப்பதற்கு முன் இதற்கு ஒரு பெயர் வைத்துவிட்டது: ‘சூப்பர் டென்ஸ் கிரஷ் லோடு’. 2025 ஜூன் 9 அன்று மும்ப்ராவில் இரண்டு ரயில்கள் ஒன்றையொன்று கடந்தபோது, வாசலில் தொங்கியவர்கள் உரசிக் கீழே விழுந்தனர். குறைந்தது 4 பேர் இறந்தார்கள். தானியங்கிக் கதவு பொருத்துவோம் என்று உடனே அறிவிப்பு வந்தது. கதவை மூடினால் வாசலில் தொங்கியவர் எங்கே நிற்பார்?

பணமே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. 2014 முதல் மெட்ரோ ஓடுகிறது; தடங்களும் கூடிவருகின்றன. 2024 ஜனவரியில் 21.8 கிலோமீட்டர் நீள அடல் சேது கடல் பாலம் 17,000 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் திறக்கப்பட்டது. அதில் மோட்டார் சைக்கிளுக்கும் ஆட்டோவுக்கும் அனுமதி இல்லை. ஏழைகளின் வாகனமான ‘பெஸ்ட்’ பஸ்களோ ஒரு காலத்தில் 4,000-க்கு மேல் இருந்தன. 2025-ல் 3,000-க்கும் கீழே இறங்கிவிட்டன. அதே ஆண்டு மே மாதம் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாயிலிருந்து 10 ஆனது. பஸ் குறைந்தது, டிக்கெட் இரட்டிப்பானது.

நாடா வெட்டிப் படம் பிடிக்க ஏற்ற திட்டத்துக்குப் பணம் வருகிறது. படிக்கட்டுக்கும் பஸ்ஸுக்கும் அந்தக் கவர்ச்சி கிடையாது. அங்கே மிச்சம் பிடித்த ரூபாயைப் பயணி தன் நேரத்தாலும் உடம்பாலும் ஈடுகட்டுகிறார். புறநகர் ரயில் பாதைகளில் 2023, 2024 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் தலா 2,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இந்தச் செலவு எந்த பட்ஜெட்டிலும் ஏறுவதில்லை.

ஒவ்வொரு விபத்துக்கும் மறுநாள் வழக்கம்போல் ரயிலேறுபவர்களைப் பார்த்து, மும்பையின் மனவுறுதி என்று மெச்சுகிறார்கள். வேறு வண்டி இல்லாதவர் அந்த வண்டியில்தானே ஏற வேண்டும்?