பூனை கண்ணை மூடினா பூலோகம் இருண்டுடுமா? பார்வையில்லா பூனைக்கு வீடு கொடுக்க நெல்லை தயாரா?

நெல்லை,

'பூனை கண்ணை மூடிக்கிட்டா பூலோகமே இருண்டு போச்சாம்' என்பது பழமொழி. ஆனால் கண்ணே போன பூனைக்குக் கூட உலகம் இருண்டு போவதில்லை. வீடு கிடைக்காமல் போவதுதான் அதன் பிரச்சினை!

தெருநாய் வழக்கில் 2025 ஆகஸ்டு 22-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு ஒரு உத்தரவு போட்டது. விரும்புகிறவர்கள் உள்ளாட்சி அமைப்பிடம் மனு கொடுத்து தெருநாயை தத்து எடுக்கலாம், ஆனால் திரும்ப தெருவில் விடக்கூடாது என்று அதில் கூறப்பட்டது. அதில் இருந்து 'தத்து' பேச்சு டீக்கடை வரை வந்துவிட்டது. ஆனால் அந்த பேச்சில் பூனைக்கு இடம் இல்லை. பார்வையில்லா பூனை என்றால் கேட்கவே வேண்டாம்.

கண் போவது எப்படி?

குட்டிகளுக்கு கண் போக முக்கிய காரணம் ஹெர்பிஸ் என்ற வைரஸ். தும்மல், மூக்கில் சளி, கண்ணில் பீளை... இப்படித்தான் ஆரம்பிக்கும். 'தானா சரியாயிடும்' என்று விட்டால் கருவிழியில் புண் வந்து, சில நேரம் கண்ணையே எடுக்க வேண்டியதாகி விடும். இந்த வைரஸ் மனிதர்களுக்கு தொற்றாது.

ஆரம்பத்திலேயே டாக்டரிடம் காட்டினால் பல குட்டிகளின் பார்வையை காப்பாற்றலாம். குட்டிக்கு 8 வாரம் ஆனதும் தடுப்பூசியை ஆரம்பிக்கலாம். நெல்லைக்காரர்களுக்கு ராமையன்பட்டியில் 2012-ல் தொடங்கிய கால்நடை மருத்துவ கல்லூரி கூப்பிடு தூரத்தில் இருக்கிறது என்பது குறிப்பிடத்தக்கது.

எலி பிடிக்குமா?

'கண்ணு தெரியாத பூனைய வளத்து என்னத்துக்குவே? எலியா புடிக்க போவுது?' என்று கேட்கிறவர்கள் உண்டு. வீட்டுக்கு ஆகாது, ராசியில்லை என்று ஒதுக்குகிறவர்களும் உண்டு.

அமெரிக்காவின் மியாமி நகரில் தொற்றால் குட்டியிலேயே இரண்டு கண்ணும் எடுக்கப்பட்ட ஹோமர் என்ற பூனையை க்வென் கூப்பர் என்ற பெண் எடுத்து வளர்த்தார். வீட்டுக்குள் புகுந்த ஆசாமியை அது சீறி விரட்டிய கதையை 2009-ல் புத்தகமாகவே எழுதினார். ஹோமர் 2013 வரை வாழ்ந்தது.

மீசை முடியும் காதும் மூக்கும்தான் அதற்கு கண். சில நாளில் வீடு முழுக்க அதற்கு மனப்பாடம் ஆகிவிடும். எனவே சாப்பாடு, தண்ணி, மண் தட்டு ஒரே இடத்தில் இருக்க வேண்டும். கட்டிலையும் பீரோவையும் அடிக்கடி மாற்றக்கூடாது. தொடும் முன் குரல் கொடுக்க வேண்டும். கிணற்றுக்கு மூடியும், மாடிக்கு வலையும் கட்டாயம்.

பால் சோறு போதுமா?

போதாது. மீன், இறைச்சியில் உள்ள டாரின் என்ற சத்து இல்லாவிட்டால் நல்ல பூனைக்கே விழித்திரை கெட்டு பார்வை போய்விடும். முள் எடுத்து வேக வைத்த மீன் கொடுக்கலாம். வெறிநோய் தடுப்பூசியும் அவசியம். எந்த பூனை கடித்தாலும் பிராண்டினாலும் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு போக வேண்டும்.

வெள்ளம் வந்தால்?

2023 டிசம்பர் 17, 18-ந்தேதிகளில் தாமிரபரணி கரை புரண்டபோது வண்ணார்பேட்டை, சிந்துபூந்துறை, கொக்கிரகுளம் பகுதிகள் தண்ணீரில் மிதந்தன. கண் தெரிந்த பூனை மதில், மரம் என்று ஏறி தப்பிக்கும். பார்வையில்லாத பூனைக்கு பழகாத இடத்தில் வழி தெரியாது, தூக்கிச் செல்ல ஆள் வேண்டும். ஆக, ஆசைக்கு எடுத்துவிட்டு அலுத்துப் போனதும் வெளியே விடுவது சாகவிடுவதற்கு சமம்.

அபராதம் 50 ரூபாய்!

பட்டினி கிடக்கும்படி பிராணியை கைவிடுவது 1960-ம் ஆண்டு பிராணிகள் வதை தடுப்பு சட்டப்படி குற்றம். ஆனால் முதல் தடவைக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய் வரைதான். ஒரு வேளை மீன் வாங்கும் காசு!

மாவட்டத்துக்கு ஒரு பிராணிகள் வதை தடுப்பு சங்கம் அமைக்க வேண்டும், ஆஸ்பத்திரியும் காப்பகமும் கட்ட அரசு இடம் தர வேண்டும் என்று 2001-லேயே மத்திய அரசு விதி கொண்டு வந்தது. சென்னையில் புளூ கிராஸ் 1959-லேயே தொடங்கப்பட்டது. அதற்காக நெல்லையில் இருந்து 600 கி.மீ.க்கு மேல் பூனையை தூக்கிக் கொண்டு போக முடியுமா?

பார்வையில்லா பூனையை எடுக்கும் முன் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேச வேண்டும். 10, 15 வருஷம் வைத்து காப்பாற்ற முடியுமா என்பதே கேள்வி. முடியும் என்றால் தாராளமாக எடுக்கலாம். முடியாது என்றால் எடுக்காமல் இருப்பதே அதற்கு செய்யும் உபகாரம்.

2001 விதியை மாவட்ட நிர்வாகம் கண் திறந்து பார்க்குமா?