வரிப்பணம் ஒன்று, கூலி இரண்டா?

அரசாங்க ஊழியரின் குறைந்தபட்ச மாத வருமானம், படிகள் சேர்த்து, 2024 டிசம்பர் முதல் 2000 வெள்ளி. நல்லதே, நாம் பொறாமைப்படவில்லை.

ஆனால் அதே அரசாங்கத்தின் ஆஸ்பத்திரிகளைக் கூட்டித் துடைக்கும் வேலை 1997 முதல் குத்தகைக் கம்பெனிகள் கையில் இருக்கிறது. அங்கே துடைப்பம் பிடிப்பவர்களில் தோட்டம் விட்டு வந்த நம் பெண்கள் எத்தனை பேர்! அவர்களுக்குச் சட்டம் உறுதி செய்வது 2025 பிப்ரவரியில் வந்த 1700 வெள்ளிதான். குத்தகை கைமாறினால் பழைய சர்வீஸ் போய், புது ஆளாகக் கையெழுத்துப் போடும் அபாயம் வேறு.

கம்பெனிக்குப் போவது யார் பணம்? வரிப்பணம். வருமான வரி கட்டாத கூலிக்காரனுக்கு இதில் பேச்சில்லை என்பார்கள் சில கனவான்கள். கடைச் சாமான் பலவற்றின் விலைக்குள்ளேயே விற்பனை வரி இருக்கிறதே, அதை யார் கொடுக்கிறார்கள்?

தோட்டத்தில் கண்ட்ராக்ட் ஆள் வைத்துக் கூலியைக் குறைக்கும் வித்தை பால்வெட்டுக்காரருக்கும் தெரியும், செக்ரோல் எழுதும் கிராணிமாருக்கும் தெரியும். தனியார் முதலாளி செய்தால் அதைச் சுரண்டல் என்கிறோம். சர்க்கார் செய்தால் சிக்கனம் என்று பெயரா?

குத்தகைப் பத்திரத்திலேயே 2000 வெள்ளிக்குக் குறையாத சம்பளமும், கம்பெனி மாறினாலும் அறுபடாத சர்வீஸும் நிபந்தனையாக எழுதப்படவேண்டும். செலவு கூடும் என்பார்கள். கூடட்டும், அந்தக் கணக்கை நாடாளுமன்றத்தில் வெளிப்படையாக வைக்கட்டும்.