சுவரில் பூசணம், குழந்தைக்கு இழுப்பு!
வெள்ளையடித்து மறைத்து வாடகைக்கு விடலாமா?

"இப்பத்தான் பெயிண்ட் அடிச்ச வீடு சார். பால் காய்ச்ச வேண்டியதுதான் பாக்கி" என்பார் புரோக்கர். குடித்தனக்காரரும் அட்வான்சை எண்ணிக் கொடுத்துவிட்டுச் சாமான்களை இறக்குவார்.

ஐப்பசி மழை நாலு நாள் அடித்தால் குட்டு உடைந்துவிடும். பீரோவுக்குப் பின்னால் சுவர் ஊறும். புதுப் பெயிண்ட் அப்பளம் மாதிரி உப்பி உதிரும். உள்ளே கறுப்புப் புள்ளிகளாகப் பழைய பூசணம் இருக்கும். அந்தச் சுவர் ஓரமாகப் பாயில் படுக்கும் குழந்தை ராத்திரி பூராவும் இருமும்.

சென்னையில் பல ஒண்டுக்குடித்தனங்களின் கதை இதுதான். 2015 டிசம்பர் வெள்ளமும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையும் பல தரைத்தள வீடுகளின் சுவரைக் குளிப்பாட்டிவிட்டுப் போயின. சுவர் நன்றாகக் காயும் முன்பே வெள்ளையடித்து வாடகைக்கு விட்டால் என்ன ஆகும்?

வாடகை தராத குடி

பூசணத்துக்கு உயிர் உண்டு. ஈரம் உள்ளவரை அது வளரும்; கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய தூளைக் காற்றில் விட்டபடி இருக்கும். அதைச் சுவாசித்தால் சிலருக்குத் தும்மல், கண் அரிப்பு. ஆஸ்துமாக்காரருக்கு இழுப்பு. எல்லோருக்கும் வந்துவிடும் என்பதில்லை. ஆனால் ஈரமும் பூசணமும் உள்ள வீடுகளில் இருமல், இழுப்பு அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமே 2009-ல் எழுதி வைத்துவிட்டது. ஈர வீட்டுக்குக் கரப்பான் பூச்சியும் குடிவரும். அதன் எச்சமும் உதிர்ந்த தோலும்கூட ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும்.

வீட்டுக்காரர்களிடம் பதில் தயாராக இருக்கிறது. "ஜன்னலைத் தொறக்கறதே இல்ல, ஈரத் துணியை உள்ளயே காயப் போடறாங்க, நான் என்ன பண்றது?" இதில் பாதி நியாயம் உண்டு. ஜன்னலைத் திறந்தால் அறை ஈரம் குறையும். தலையணையை வெயிலில் போட்டுத் தட்டுவதும் நல்லதுதான். ஆனால் மாடி பாத்ரூம் குழாய் சுவருக்குள் கசிந்தால், ஜன்னலைத் திறந்து என்ன பயன்? கசிவை அடைத்து, சுவரைக் காயவிட்டு, பூசணத்தைச் சுரண்டிய பிறகுதான் பெயிண்ட். அதற்கு முன் அடிப்பது ஏமாற்று வேலை.

பறிபோன உயிர்

இதில் உயிரே போயிருக்கிறது. இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் ஒரு வாடகை வீடு. சுவரில் பூசணம் என்று குடியிருந்தவர் புகார் சொன்னார். மேலே பெயிண்ட் அடித்துக்கொள்ளச் சொன்னார்கள். 2020 டிசம்பரில் அந்த வீட்டின் இரண்டு வயது ஆண் குழந்தை மூச்சுக் கோளாறில் இறந்தது. நீண்ட நாள் பூசணம் கலந்த காற்றைச் சுவாசித்ததே காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். பிறகு தனிச் சட்டமே வந்தது. 2025 அக்டோபர் முதல், அங்கே சமூக வீட்டு வசதி அமைப்புகள் ஈரம், பூசணம் பற்றிய புகாரைக் கெடுவுக்குள் கவனித்தாக வேண்டும்.

இங்கேயும் சட்டம் இல்லாமல் இல்லை. 2017-ல் இயற்றி 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் தவிர, கட்டடப் பழுது, வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுவது எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யவும் வேண்டும். எத்தனை குடித்தனங்களில் அந்தக் காகிதம் இருக்கிறது? வாய்ப்பேச்சில் குடிவந்தவர் சுவரைக் காட்டிக் கேட்டால், "பிடிக்கலேன்னா காலி பண்ணிக்கோ" என்பதுதான் பதில்.

சாக்கடை அடைப்பையும் கொசுப் புழுவையும் பார்க்க வீடு வீடாக வரும் மாநகராட்சி சுகாதார ஊழியர்கள், ஊறிப்போன சுவரையும் நோட்டில் குறித்துக்கொண்டு போகட்டுமே. வீடு பார்க்கப் போகிறவர்களும் மழை விட்ட மறுநாள் போவது நல்லது. புரோக்கர் மொட்டை மாடிக் காற்றைப் புகழும்போது, பாத்ரூமை ஒட்டிய சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கட்டும்.