இடுப்பில் துப்பாக்கி, கழிப்பறையில் மறதி

பெட்ரோல் நிலையக் கழிப்பறையில் கைத்தொலைபேசியை மறந்து வைத்துவிட்டு, பாதி வழியில் நினைவு வந்து வண்டியைத் திருப்பிய அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. சிலருக்கு அது பணப்பை, சிலருக்கு மூக்குக் கண்ணாடி. பொருள் திரும்பக் கிடைத்தால் நிம்மதி. கிடைக்காவிட்டால் நட்டம் நம்மோடு போகும்.

மறந்து வைத்த பொருள் தோட்டா நிரப்பிய கைத்துப்பாக்கியாக இருந்தால் என்ன ஆகும்? அமெரிக்காவில் இது பல முறை நடந்திருக்கிறது. நடந்த இடங்களில் அந்நாட்டின் நாடாளுமன்றக் கட்டடமும் ஒன்று.

அமெரிக்காவில் இன்று 29 மாநிலங்களில், சட்டப்படி துப்பாக்கி வாங்கத் தகுதியுள்ளவர் தனி அனுமதி எதுவும் பெறாமலே அதை உடைக்குள் மறைத்து எடுத்துச் செல்லலாம். டெக்சஸ் 2021இலும் புளோரிடா 2023இலும் இந்த வரிசையில் சேர்ந்தன. துப்பாக்கி சுமக்கச் சிறப்புக் காரணம் காட்ட வேண்டும் என்ற நியூயார்க் மாநிலச் சட்டத்தை 2022 ஜூன் மாதம் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஆகவே பேரங்காடியிலோ உணவகத்திலோ நமக்கு அடுத்து நிற்பவரின் சட்டைக்குள் துப்பாக்கி இருக்கலாம். அது நம் கண்ணுக்குத் தெரியாது.

துப்பாக்கியை ஆதரிப்பவர்கள், கொள்ளைக்காரனை எதிர்கொள்ளும் அந்த ஒரு நிமிடத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். அப்படி ஒரு நிமிடம் பெரும்பாலோர் வாழ்க்கையில் வருவதே இல்லை. கழிப்பறைக்குப் போகும் நிமிடமோ தினமும் வருகிறது. துப்பாக்கி சுமப்பவரின் உண்மையான சோதனை அங்கேதான் நடக்கிறது.

சிக்கல் சாதாரணமானது. இடுப்பில் செருகிய துப்பாக்கியைத் தாங்கி நிற்பது இடைவார். தோட்டாக்களோடு சேர்த்து ஒரு நடுத்தரக் கைத்துப்பாக்கி முக்கால் கிலோவைத் தாண்டும். இடைவாரை அவிழ்த்ததும் அந்த எடைக்குப் பிடிமானம் இல்லை. உறை சாய்கிறது, துப்பாக்கி நழுவுகிறது. தரையில் வைத்தால், அமெரிக்கப் பொதுக் கழிப்பறைகளின் தடுப்புப் பலகைகள் தரைவரை வருவதில்லை. பக்கத்து அறையில் இருப்பவர் பார்க்கலாம், கை நீட்டினால் எடுத்தும் விடலாம். கதவுக் கொக்கியில் மாட்டினால், எடுக்கும்போது விசையில் ஏதாவது பட்டு வெடிக்கலாம். காகிதச் சுருள் பெட்டியின் மேலோ தண்ணீர்த் தொட்டியின் மேலோ வைத்தால், எழுந்து போகும்போது மறந்துவிடலாம்.

இதற்காகவே அங்குள்ள பயிற்றுநர்கள் தனிப்பாடம் நடத்துகிறார்கள். துப்பாக்கியை உறையிலிருந்து வெளியே எடுக்காதே. எடுத்து எங்கேயும் வைக்காதே. இடைவாரை முழங்காலுக்கு மேலேயே இறுக்கிப் பிடித்துக்கொள். நான்கு பக்கமும் சுவர் உள்ள தனி அறை இருந்தால் அதற்குப் போ. கை தவறி விழுந்தால் பாய்ந்து பிடிக்காதே, விழ விடு. புதிய துப்பாக்கிகள் பெரும்பாலும் விழுந்தால் வெடிக்காதபடி செய்யப்பட்டவை. பதறிப் பிடிக்கும் விரல் விசையில் படுவதுதான் ஆபத்து.

எல்லாம் நல்ல அறிவுரை. ஆனால் ஒவ்வொரு தடவையும் தவறாமல் கடைப்பிடித்தால்தான் பலன். வெளியிடங்களில் ஒரு நாளைக்கு இரண்டு முறை கழிப்பறைக்குப் போகிறவர் ஓர் ஆண்டில் 730 முறை போகிறார். பத்து ஆண்டுகளில் 7,300 முறை. அதில் 7,299 முறை கவனமாக இருந்து, ஒரே ஒரு முறை பிள்ளையின் காய்ச்சலையோ வங்கிக் கடனையோ நினைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டால் போதும்.

2014 செப்டம்பரில் யூட்டா மாநிலத்தில், டெய்லர்ஸ்வில் நகரத் தொடக்கப்பள்ளி ஒன்றின் ஆசிரியர் கழிப்பறையில் இது நேர்ந்தது. அனுமதி பெற்றுத் துப்பாக்கி வைத்திருந்த ஆசிரியையின் துப்பாக்கி தவறுதலாக வெடித்தது. குண்டு கழிப்பறைப் பீங்கானில் பட்டு, சிதறிய துண்டுகள் அவர் காலைக் காயப்படுத்தின. பள்ளியில் பிள்ளைகளைக் காக்கலாம் என்று அனுமதிக்கப்பட்ட துப்பாக்கி, அதைச் சுமந்தவரையே காயப்படுத்தியது.

பயிற்சி போதாததால் நடந்தது என்று சிலர் சொல்லக்கூடும். அப்படியானால் 2015இல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் நடந்ததைப் பார்ப்போம். செனட் பெரும்பான்மைத் தலைவர் மிட்ச் மெக்கானலின் பாதுகாப்புப் பிரிவு அதிகாரி ஒருவர், பார்வையாளர் மையக் கழிப்பறையில், இருக்கை உறைக் காகிதம் வைக்கும் பெட்டிக்குள் துப்பாக்கியை விட்டுச் சென்றார். அதைக் கண்டவர் ஓர் ஊழியர். சில வாரங்களில், அவைத் தலைவர் ஜான் பேனரின் பாதுகாப்பு அதிகாரி ஒருவரும் கழிப்பறையில் துப்பாக்கியை மறந்தார். இம்முறை அதைக் கண்டெடுத்தது, பெற்றோருடன் நாடாளுமன்றத்தைப் பார்க்க வந்த ஒரு சிறு பிள்ளை. அதற்கடுத்து, நாடாளுமன்றப் போலீஸ் தலைமையகத்திலேயே ஒரு துப்பாக்கி துப்புரவுப் பணியாளர் கண்ணில் பட்டது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2019இல், அதே பார்வையாளர் மையக் கழிப்பறையில் ஒரு லெப்டினன்ட் தம் துப்பாக்கியை விட்டுச் சென்றார். துப்பாக்கியைக் கையாள்வதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர்கள் இவர்கள்.

பிரிட்டிஷ் மெய்க்காவலர் ஒருவருக்கும் இது நேர்ந்திருக்கிறது. 2020 பிப்ரவரியில் முன்னாள் பிரதமர் டேவிட் கேமரனின் மெய்க்காவலர், நியூயார்க்கிலிருந்து லண்டன் புறப்படவிருந்த விமானத்தின் கழிப்பறையில் துப்பாக்கியையும் கடப்பிதழ்களையும் வைத்துவிட்டு இருக்கைக்குத் திரும்பினார். கண்டவர் ஒரு பயணி.

புளோரிடாவில் நடந்தது இன்னும் யோசிக்க வைப்பது. 2018 பிப்ரவரி 14ஆம் தேதி பார்க்லண்ட் உயர்நிலைப் பள்ளியில் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பிறகு, ஆசிரியர்களுக்குத் துப்பாக்கி கொடுக்கலாமா என்று நாடே விவாதித்தது. தாம் துப்பாக்கி ஏந்தத் தயார் என்று அப்பள்ளி ஆசிரியர் ஒருவர் தொலைக்காட்சியில் சொன்னார். இரண்டு மாதம் ஆகவில்லை. கடற்கரையோரப் பொதுக் கழிப்பறை ஒன்றில் அவர் தம் துப்பாக்கியை விட்டுச் சென்றார். வீடற்ற ஒருவர் அதை எடுத்துச் சுட்டார். குண்டு சுவரில் பட்டது, யாருக்கும் காயமில்லை. ஆசிரியர் கைது செய்யப்பட்டார். அவர் கெட்டவர் அல்ல, நம்மைப் போல் மறந்துவிட்டவர்.

மறதி எவ்வளவு பரவலானது என்பதற்கு விமான நிலையங்கள் சாட்சி. 2023இல் மட்டும் அமெரிக்க விமான நிலையச் சோதனைச் சாவடிகளில் பயணிகளிடமிருந்து 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன. அவற்றில் நூற்றுக்கு 90க்கும் மேற்பட்டவை தோட்டா நிரப்பியவை. ‘பையில் இருந்ததை மறந்துவிட்டேன்’ என்பதே அங்கு வழக்கமாகக் கேட்கும் பதில்.

மறுபக்கத்தையும் சொல்வதுதான் நியாயம். அந்நாட்டில் போலீஸ் வந்து சேர நெடுநேரமாகும் ஒதுக்குப்புற ஊர்கள் உண்டு. பழைய கணவனின் மிரட்டலுக்குப் பயந்து வாழும் பெண்கள் உண்டு. துப்பாக்கி ஏற்கெனவே எங்கும் இருக்கும் நாட்டில் ‘நான் மட்டும் வெறுங்கையோடு நிற்பதா’ என்ற அவர்களின் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. பல இலட்சம் பேர் எந்தத் தவறும் செய்யாமல் துப்பாக்கி சுமந்து வருகிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் அந்தக் கேள்வி எழுவதே, துப்பாக்கி எங்கும் பரவிவிட்ட பிறகுதான்.

இதை இங்கே எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. 2024 ஏப்ரலில் கேஎல்ஐஏ முதல் முனையத்தில் ஓர் ஆடவர் தம் மனைவியைக் குறிவைத்துச் சுட்டார். படுகாயமடைந்தவர் அந்தப் பெண்ணின் மெய்க்காவலர். இப்படிச் செய்தி வரும்போதும், நகைக்கடைக் கொள்ளை நடக்கும்போதும், ‘நமக்கும் லைசென்சைத் தாராளமாகக் கொடுத்தால் என்ன?’ என்ற பேச்சு காப்பிக்கடையில் எழுகிறது. கேட்கும்போது ஞாயமாகத்தான் படும். பேசுகிறவர்கள் கொள்ளைக்காரனை நினைக்கிறார்கள். பேரங்காடிக் கழிப்பறையை யாரும் நினைப்பதில்லை.

நகைக்கடை வாசலில் நிற்கும் ஜாகாவின் நீளத் துப்பாக்கி ஊருக்கே தெரியும். அது இல்லாமல் அவர் திரும்பி வந்தால் முதலாளியே கேட்பார். சட்டைக்குள் மறைத்த கைத்துப்பாக்கி காணாமல் போனால் கேட்க யாருமில்லை.

நம் நாட்டுச் சட்டம் கடுமையானது. உரிமமில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி 14 ஆண்டுவரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும் கிடைக்கலாம். சிங்கப்பூரிலும் சிறை, பிரம்படி உண்டு. குற்றம் செய்யும் நோக்கத்தோடு சுட்டால் தூக்குவரை போகும். இந்தக் கடுமையின் வேர் அவசரகாலத்தில் இருப்பதைத் தோட்டத்துப் பெரியவர்கள் அறிவார்கள். அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி, கைத்துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அந்தத் தண்டனையின் வலி இன்னும் நம் மக்களிடம் இருக்கிறது. எனவே கடுமையான சட்டமெல்லாம் நல்ல சட்டம் என்று நாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல மாட்டோம். தண்டனையின் அளவைப் பற்றி விவாதிக்கலாம், விவாதிக்கவும் வேண்டும். ஆனால் பொதுக் கழிப்பறைக்குப் பிள்ளையைத் தனியாக அனுப்பும்போது, உள்ளே துப்பாக்கி கிடக்குமோ என்று இங்கே எந்தத் தாயும் பயப்படுவதில்லை. இந்த நிம்மதியை இலேசாக விட்டுக்கொடுக்கக் கூடாது.

அமெரிக்காவில் படிக்கும், வேலை செய்யும் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். சுற்றுலா போகும் குடும்பங்களும் உண்டு. அவர்களுக்கு ஒரு வார்த்தை. கழிப்பறையிலோ வேறெங்கோ துப்பாக்கியைக் கண்டால் தொடாதீர்கள். பத்திரமாக எடுத்து ஒப்படைக்கலாம் என்ற நல்லெண்ணமும் வேண்டாம். மற்றவர்கள் உள்ளே போகாதபடி பார்த்துக்கொண்டு, அங்குள்ள ஊழியரிடம் சொல்லுங்கள் அல்லது 911ஐ அழையுங்கள். சிறு பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: பார்த்தால் நில், தொடாதே, அங்கிருந்து விலகு, பெரியவரிடம் சொல். நாடாளுமன்றக் கழிப்பறையில் அந்தத் துப்பாக்கி ஒரு குழந்தையின் கையருகே கிடந்தது. அசம்பாவிதம் நடக்காதது அதிர்ஷ்டம். அடுத்த முறையும் அப்படியே இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.